பத்தாவது கல்யாண நாளுக்கு ஒரு கார்ட்டூன் ஓவியம்: எங்கே வாங்கலாம்?

மஞ்சள்பை · செப்டம்பர் 12, இரவு 10:15

வணக்கம். அக்டோபர் 30 எங்கள் பத்தாவது கல்யாண நாள். நகையும் புடவையும் அவளே பார்த்து வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். நானாக எடுத்துவந்த மூன்று புடவைகள் பீரோவின் கடைசித் தட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு ஏதாவது.

அவளுக்கு டாம் அண்ட் ஜெர்ரி என்றால் உயிர். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், இன்னும் சாப்பிடும்போது டிவியில் அதுதான் ஓடவேண்டும். அந்தக் காலத்தில் கார்ட்டூன் எடுக்கக் கண்ணாடி மாதிரி தாளில் கையால் வரைந்த படங்களை இப்போது விற்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படி ஒன்று வாங்கி, மூலையில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, ஃபிரேம் போட்டுக் கொடுக்க யோசனை. பட்ஜெட் பதினைந்தாயிரம், இழுத்துப் பிடித்தால் இருபது. இருப்பது மதுரை. எங்கே கிடைக்கும், ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பனங்காட்டுநரி · செப்டம்பர் 12, இரவு 10:52

பெயர் எழுதும் யோசனையை முதலில் கைவிடுங்கள் நண்பரே. கோயில் தூணில் ஆணியால் ‘குமார் – பிரியா’ என்று கீறுகிறார்களே, அதே வேலைதான்.

அந்தத் தாளுக்குப் பெயர் செல். செல்லுலாய்டின் சுருக்கம். பின்னணியை ஒரே தடவை வரைந்து வைத்துக்கொண்டு, அசைகிற ஆளை மட்டும் தெளிந்த தாளில் வரைந்து அதன்மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறை. அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் 1914-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். படம் எடுத்து முடிந்தபின் அதை யாரும் மதிக்கவில்லை. பல ஸ்டூடியோக்களில் வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளில் அடுத்த படத்தை வரைந்தார்கள். 1955-ல் டிஸ்னிலாந்து திறந்தபோது, படத்தில் பயன்பட்ட அசல் செல்களையே அங்கே கடையில் வைத்துச் சில டாலருக்கு விற்றார்கள். இன்று அதே செல்கள் ஏலத்துக்கு வருகின்றன.

நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த டாம் அண்ட் ஜெர்ரி, 1940 முதல் 1958 வரை ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம்மில் எடுத்த 114 குறும்படங்கள். அதில் ஒரு செல் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 1990-ல் இருவரையும் குட்டிகளாக்கி ஒரு டிவி தொடர் வந்ததே, அதன் செல்களைப் பொறுமையாகத் தேடினால் உங்கள் கைக்கு எட்டலாம். கூரியர், கஸ்டம்ஸ் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

‘ஒரிஜினல்’ என்று விற்பவரிடம் எந்த வகை ஒரிஜினல் என்று கேளுங்கள். கேமராவுக்குக் கீழே நிஜமாகவே போனது புரொடக்‌ஷன் செல். விற்பனைக்கென்றே பிறகு கையால் வரைந்து எண் போட்டது லிமிடெட் எடிஷன். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்தது செரிசெல். செரிசெல் தப்பான பொருள் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைப் புரொடக்‌ஷன் செல் விலைக்கு விற்பதுதான் தப்பு.

வாசுகி_டொரண்டோ · செப்டம்பர் 13, காலை 6:30

தம்பி, கவனம். நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஜப்பானியக் கார்ட்டூன் பைத்தியம். மூன்று வருஷத்துக்கு முன்னர் அவருடைய பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கதைத்து, 1990களின் தொடர் ஒன்றின் செல் என்று வாங்கினேன். யார் என்று இங்கே எழுதவில்லை, சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. படம் வந்தது, நல்ல வடிவு. பின்பக்கத்தைத் திருப்பித் தடவினால் கண்ணாடி போல வழவழ. மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் செய்தித்தாள் படம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. தெளிந்த தாளில் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு படித்து அறிந்ததைச் சொல்கிறேன். கையால் வண்ணமிட்ட செல்லை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால், பின்பக்கம் வண்ணம் குழம்பு காய்ந்தது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். இரண்டு நிறம் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஓரத்தில் நடுவில் ஒரு வட்டத்துளையும் இருபுறமும் நீளத்துளையும் இருக்கலாம். ஜப்பானியச் செல் என்றால் மூலையில் ‘ஏ 5’, ‘பி 12’ மாதிரி குறிப்பும் இருக்கும். டோக்கியோவில் நகானோ பிராட்வேயில் மண்டராகே கடைக்குப் போனபோதுதான் உண்மையானதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு ஏமாறமாட்டீர்கள்.

அந்தப் போலியை இவர் இன்னமும் பேஸ்மெண்ட்டில் மாட்டித்தான் வைத்திருக்கிறார். கழற்றவும் விடுகிறார் இல்லை.

பனங்காட்டுநரி · செப்டம்பர் 13, காலை 8:05

அக்கா சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்று, மூக்கையும் பயன்படுத்துங்கள். செல்லில் பெரும்பாலானவை அசிடேட் தாள். வெயிலிலும் ஈரப்பதத்திலும் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், ஊறுகாய் ஜாடியைத் திறந்தமாதிரி வினிகர் வாடை வரும். தாள் சுருங்கும், வண்ணம் செதில் செதிலாக உதிரும். டிஸ்னியின் பழைய செல்களை எப்படிக் காப்பது என்று அமெரிக்காவின் கெட்டி (Getty) கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனத்தினர் பல வருஷமாக ஆராய்கிறார்கள் என்றால் பாருங்கள். மதுரை சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ஹாலில் மாட்ட இது ஏற்ற பொருள் இல்லை. நான் என் இரண்டையும் படுக்கையறையில் திரை போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பூஜை அறை என்கிறாள்.

டெக்_தம்பி · செப்டம்பர் 13, காலை 9:12

எதுக்கு இவ்வளவு கஷ்டம் ப்ரோ? 2025 மார்ச்சில் எல்லாரும் போட்டோவை கிப்லி மாதிரி மாத்திப் போட்டாங்களே, அதே மாதிரி உங்க ரெண்டு பேர் போட்டோவையும் ஜெர்ரி பக்கத்தில் நிக்க வெச்சு ஏஐ-ல ரெண்டு நிமிஷத்தில் எடுத்துக்கலாம். பிரிண்ட் இருநூறு ரூபாய். மிச்சக் காசுக்கு கொடைக்கானல் போயிட்டு வாங்க.

மஞ்சள்பை · செப்டம்பர் 13, காலை 9:40

தம்பி, அந்த மார்ச்சிலேயே அவள் தானாக ஒன்று எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அதையே நான் பரிசாகக் கொடுத்தால் நான்காவது புடவைதான்.

நரி அண்ணன், வாசுகி அக்கா, நன்றி. பயம்தான் கூடியிருக்கிறது. பெயர் எழுதக்கூடாது, வெயில் படக்கூடாது, அசலா போலியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும் என்றால், இதில் எங்களுக்கென்று என்ன இருக்கிறது?

ராத்திரிபென்சில் · செப்டம்பர் 13, இரவு 11:48

உங்கள் கடைசிக் கேள்வி என்னை எழுதவைத்துவிட்டது. வழக்கமாக நான் இங்கே படிப்பதோடு சரி.

2001 முதல் ஏழு வருஷம் சென்னையில் ஒரு 2டி ஸ்டூடியோவில் இன்பிட்வீனராக இருந்தேன். வேலை எல்லாம் வெளிநாட்டுத் தொடர்களுக்கு. அப்படி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சீனியர் ஒருவர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். ஆள் கையைத் தூக்குவதற்கு முன் ஒன்று, தூக்கியபின் ஒன்று. அது கீ. நடுவில் கை எப்படி மேலே போகிறது என்கிற படங்களை வரைவது எங்கள் பொறுப்பு. கீ படத்தின் ஓரத்தில் ஏணி மாதிரி ஒரு சின்னக் கோடும் அதில் படிகளும் போட்டிருப்பார். படிகள் நெருங்கியிருந்தால் அந்த இடத்தில் அசைவு மெதுவாக இருக்கவேண்டும், விலகியிருந்தால் வேகம். அந்த ஏணியைப் படிக்கத் தெரிந்தவன்தான் இன்பிட்வீனர். லைட் பாக்ஸ் மேல் தாளை வைத்து, கீழே தாள் நகராமல் பிடிக்கிற முளைச்சட்டமான பெக் பாரில் துளைகளை மாட்டி, இடது கை விரல்களுக்கு நடுவே நான்கு தாளைச் செருகி முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே வரையவேண்டும். அந்தப் புரட்டல் சத்தம் முப்பது பேர் உட்கார்ந்த ஹாலில் நாள் முழுக்கக் கேட்கும், ஆற்றங்கரை அரசமரம் மாதிரி. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, ஹால் அமைதியாகிவிட்டது. நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ராத்திரியில் மட்டும் வரைகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நரி அண்ணன் சொன்ன செல், பல்லாயிரம் படத்தில் ஒரு படம். அது ஜெர்ரி ஓடுகிற ஓட்டத்தில் ஒரு துளி, அதனால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் மனைவி ஒரு நாளில் தன்னை அறியாமல் எத்தனையோ செய்வார். அதில் ஒன்றை எடுத்து மூன்று விநாடிக்கு வரையலாம். சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம் (சுவரில் மாட்டுகிற ஃபிரேம் இல்லை, பிலிமில் ஒரு கட்டம்). ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்குப் பன்னிரண்டு படம் போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று விநாடிக்கு முப்பத்தாறு தாள். பென்சிலில், பெக் துளையோடு. அதில் ஒன்றை ஃபிரேம் போடலாம், மற்றதைப் பெட்டியில் வைக்கலாம், சிறிதாக நகல் எடுத்துத் தைத்தால் விரலால் புரட்டுகிற புத்தகமும் ஆகும்.

ஜெர்ரியை வரையமாட்டேன். அடுத்தவர் பாத்திரத்தைக் காசு வாங்கிக்கொண்டு வரைவதில்லை என்று ஒரு கொள்கை.

அவர் அடிக்கடி செய்கிற ஒரு காரியம் சொல்லுங்கள். சிரிப்பது, நடப்பது எல்லாம் வேண்டாம், அதை எல்லோரும் செய்கிறார்கள்.

மஞ்சள்பை · செப்டம்பர் 14, காலை 7:20

யோசிக்கவே வேண்டியதில்லை. பேப்பர் திருத்தும்போது சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். ஒரு நிமிஷம் கழித்து மேசை முழுக்கத் தேடுவாள். தாளைத் தூக்கிப் பார்ப்பாள், டம்ளரை நகர்த்துவாள், “என் பேனாவை எடுத்தது யார்?” என்று என்னையும் பையனையும் முறைப்பாள். நடுவில் திடீரென்று கை அப்படியே நிற்கும், கண் மேலே போகும். அப்புறம் மெதுவாகக் கொண்டையைத் தொடுவாள். பத்து வருஷமாக, ஒரு பரீட்சை தவறாமல்.

ராத்திரிபென்சில் · செப்டம்பர் 14, காலை 7:31

அந்தக் கை நிற்கிற இடம்தான் படம். எனக்கு வீடியோ வேண்டும், பக்கவாட்டிலிருந்து. காலாண்டுப் பரீட்சை எப்போது?

பனங்காட்டுநரி · செப்டம்பர் 14, காலை 8:15

என்ன ரேட் தம்பி?

ராத்திரிபென்சில் · செப்டம்பர் 14, மதியம் 1:02

தாளுக்கு 300. முப்பத்தாறுக்கு 10,800. முதலில் கிறுக்குகிற ரஃப், அதைச் சுத்தமான கோடாக்குகிற கிளீனப் இரண்டும் சேர்த்து. வண்ணம் கிடையாது, பேனாவுக்கு மட்டும் சிவப்பு.

டெக்_தம்பி · செப்டம்பர் 14, மதியம் 1:20

ஒரே மாதிரி முப்பத்தாறு படத்துக்குப் பத்தாயிரமா? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கொடுத்தா நடுவில் இருக்கிறதை சாஃப்ட்வேரே போட்டுடுமே?

ராத்திரிபென்சில் · செப்டம்பர் 14, மதியம் 1:55

போடும் தம்பி. ஆனால் அது எல்லாப் படியையும் ஒரே இடைவெளியில் போடும், அல்லது நாம் சொன்ன இடைவெளியில் போடும். இந்த அம்மாவின் கை தேடும்போது வேகமாகவும், ஞாபகம் வந்தபின் கூச்சத்தோடு மெதுவாகவும் போகவேண்டும். கொண்டை கையைவிட அரை நொடி தாமதமாக ஆடவேண்டும். நானும் ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா எல்லாம் பயன்படுத்துகிறேன், இரண்டும் இலவசம், நீயும் இறக்கிக்கொள். அசைவு ஓடுகிறதா என்று சோதிக்க எனக்கு அது போதும். பெட்டியில் வைத்துக் கொடுக்கத் தாள் வேண்டும் இல்லையா?

கீழவாசல் · செப்டம்பர் 14, இரவு 8:40

பெரியவன் ஒரு வார்த்தை சொல்லலாமா. தஞ்சாவூரில் எங்கள் அப்பா காலத்திலிருந்து படம் ஃபிரேம் போடும் கடை. நரி எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண்ணாடி ஓவியம் ஞாபகம் வந்தது. இங்கேயும் வண்ணம் பின்பக்கம்தான். ஆனால் கோடும் பின்னாலேயே. முதலில் கண், மூக்கு, நகை, அப்புறம் முகத்தின் நிறம், கடைசியில் பின்னணி. தலைகீழ் வரிசை, இடம் வலமும் மாறிப்போகும். கிருஷ்ணன் இடது கையால் வெண்ணெய் எடுக்கிற படம் ஒன்று கடையில் நாற்பது வருஷம் தொங்கியது, வரைந்தவர் மறந்துவிட்டார். அதையும் ஒருவர் ஆசையாக வாங்கிப் போனார்.

சரி, ஃபிரேம் விஷயம். பென்சில் படமானாலும் செல்லானாலும் கண்ணாடியில் ஒட்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுகிற அட்டை, மவுண்ட் போர்டு, கனமாகக் கேளுங்கள். பல கடைகளில் பின்னால் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி வைத்துவிடுவார்கள், ஐந்தே வருஷத்தில் தாள் டீக்கறை நிறமாகும். அமிலம் இல்லாத அட்டை என்று வாயால் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். தாளைப் பசை போட்டு ஒட்டவே விடாதீர்கள், மூலைக்கு மூலை காகித முக்கோணம் செருகினால் போதும். ஓரத்துத் துளைகளை மவுண்ட்டுக்குள் மறைக்கச் சொல்வார்கள், அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். மறைக்காதீர்கள். அது தெரிந்தால்தான் இது வேலைக்கு வரைந்த தாள் என்று தெரியும்.

மஞ்சள்பை · செப்டம்பர் 27, இரவு 11:10

வீடியோ எடுத்தாயிற்று! மூன்று நாள் முயற்சி. முதல் நாள் போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்தேன், பையன் ஹார்லிக்ஸ் கேட்டு எடுத்துவிட்டான். இரண்டாம் நாள் அவள் பேனாவைச் செருகவே இல்லை, காதில் வைத்துக்கொண்டாள். இன்று மாட்டியது. நாற்பத்திரண்டு பேப்பர் திருத்தினாள், ஆறு தடவை பேனாவைத் தேடினாள். நான்காவது தடவை அருமை.

ராத்திரிபென்சில் · செப்டம்பர் 28, காலை 6:50

பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. பேனா கிடைத்ததும் யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அதையும் சேர்க்கிறேன். டம்ளரை எடுத்துவிடுகிறேன், இவ்வளவு குறைந்த நேரத்தில் அதுவும் அடங்காது. முப்பத்தாறு தாளைத் தாண்டமாட்டேன், பயப்படவேண்டாம்.

வாசுகி_டொரண்டோ · செப்டம்பர் 28, காலை 7:45

தம்பி, இதை வாசித்துவிட்டு இவரை ஒரு நாள் முழுக்கக் கவனித்தேன். தேநீரை ஊதும்போது புருவம் இரண்டும் ஏறி இறங்குகிறது. பதினெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் காண்கிறேன். பென்சில் தம்பி, கனடாவுக்குச் செய்து அனுப்புவீர்களா?

மஞ்சள்பை · அக்டோபர் 24, இரவு 9:30

பார்சல் வந்தது. ஆபீஸ் முகவரிக்குத்தான் வரவழைத்தேன். புரட்டும் புத்தகம் 41 இதழ், உள்ளங்கை அளவு. தாள்களின் அடியில் பழைய நீல பென்சில் கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன, அழிக்கவில்லை, அதுவே நன்றாக இருக்கிறது. கை நின்று கண் மேலே போகிற தாளை மட்டும் எடுத்து, கீழவாசல் ஐயா சொன்னபடி துளை தெரிய ஃபிரேமுக்குக் கொடுத்துவிட்டேன். மவுண்ட்டுக்காகக் கடைக்காரரோடு அரை மணி நேரம் வாக்குவாதம். திட்டம் இதுதான்: காலையில் புத்தகமும் பெட்டியும், மாலையில் சொந்தக்காரர்கள் வந்தபின் ஃபிரேம். அதுவரை பீரோவுக்குப் பின்னால்.

மஞ்சள்பை · அக்டோபர் 30, காலை 8:05

திட்டம் போயிற்று.

ஆறரைக்குக் கொடுத்தேன். புத்தகத்தைப் புரட்டினாள். “என் மூக்கு இவ்வளவு நீளமா?” என்றாள். இன்னொரு தடவை புரட்டினாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும். பையனை எழுப்பிக் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் கட்டைப் பிரிக்கிற மாதிரி ஓரத்தைத் தட்டி அடுக்கி எண்ண ஆரம்பித்தாள். “இதில் இரட்டைப்படை எண் ஒன்றுகூட இல்லையே. 29-க்கு அப்புறம் நேரே 43. கடைசித் தாள் 81, கையில் இருப்பது 35. கட்டு கட்டியது யார்?” நான் சமாளிக்கப் பார்த்தேன். வரைந்தவர் எங்கேயாவது தவறவிட்டிருப்பார் என்றேன். “போன் போடுங்கள், நானே கேட்கிறேன்” என்கிறாள். வேறு வழியில்லாமல் பல்கூடத் துலக்காமல் பீரோவை நகர்த்தி ஃபிரேமை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, இது 31. மற்றதெல்லாம் எங்கே?”

ராத்திரிபென்சில் அண்ணா, நிஜமாகவே மற்றதெல்லாம் எங்கே?

ராத்திரிபென்சில் · அக்டோபர் 30, காலை 8:20

ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன். எதுவும் தொலையவில்லை. தாளின் எண் சினிமா ஃபிரேமின் எண். ஒவ்வொரு தாளும் இரண்டு ஃபிரேம் நிற்பதால் 1, 3, 5 என்று ஒற்றைப்படையில்தான் போகும், ஸ்டூடியோப் பழக்கம். கை நிற்கிற தாள் மட்டும் அரை விநாடி, அதாவது பன்னிரண்டு ஃபிரேம். 31 முதல் 42 வரை அது ஒன்றே. அதனால்தான் புத்தகத்தில் அந்தப் படம் ஆறு தடவை வருகிறது. 29, 31, 43. மொத்தம் 36 தாள், 82 ஃபிரேம். டீச்சரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஏழு வருஷத்தில் தாள்களைச் சரிபார்க்கிற எங்கள் செக்கர்கூட இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில்லை.

மஞ்சள்பை · அக்டோபர் 30, காலை 8:41

சொன்னேன். கூட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. “அப்படியானால் 31 – 42 என்றல்லவா தாளில் போட்டிருக்கவேண்டும்? பாதி மார்க்தான்” என்கிறாள். ஃபிரேமைக் கழற்றிக் கொடுத்தால் சிவப்புப் பேனாவில் தானே திருத்தித் தருகிறாளாம். கொடுக்கலாமா? நரி அண்ணன் திட்டுவாரே என்று கேட்கிறேன்.

பனங்காட்டுநரி · அக்டோபர் 30, காலை 8:44

எழுதட்டும். கையெழுத்தும் போடச் சொல்லுங்கள்.

கீழவாசல் · அக்டோபர் 30, காலை 9:10

பின்பலகையில் நாலு ஆணிதான், மெதுவாக நெம்பினால் வந்துவிடும். பேனா மை சீக்கிரம் வெளுக்கும், சிவப்புப் பென்சில் இருந்தால் அதைக் கொடுங்கள். பேனாதான் வேண்டும் என்றால் சன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள்.